வெறும் கண்ணா, பைனாகுலரா, தொலைநோக்கியா?

வானத்தின் மேல் ஆசை வந்த கையோடு பலரும் தொலைநோக்கிதான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான். 8 அங்குல ஆடி வைத்த நியூட்டோனியன் (ஒளியை வில்லைக்குப் பதில் ஆடியால் குவிக்கும் வகை). தாங்கியையும் சேர்த்து மாடிக்கு ஏற்ற இரண்டு நடை ஆகும். எரிநட்சத்திரமும் வால் நட்சத்திரமும் பார்ப்பதுதான் ஆசை என்றால், மூன்றில் கடைசியாக வாங்க வேண்டியது அது என்று இப்போது சொல்வேன்.

எரிநட்சத்திரத்துக்குப் போட்டியே கிடையாது, வெறும் கண்தான். பெரும்பாலும் மணல் பருக்கை அளவிலான ஒரு துகள், தரையிலிருந்து சுமார் 100 கி.மீ. உயரத்தில் எரிந்து, கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடுகிறது. எந்த மூலையில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எவ்வளவு வானம் பார்வைக்குள் அடங்குகிறது என்பதுதான் கணக்கு. மல்லாந்து படுத்தால் கண்ணுக்கு வானத்தின் பெரும்பகுதி கிடைக்கிறது. 10×50 பைனாகுலரில் (10 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மி.மீ.) சுமார் 6.5 டிகிரி, அதாவது 13 முழுநிலவை வரிசையாக அடுக்கிய அகலம். என் தொலைநோக்கியில் 1 டிகிரிதான். எரிநட்சத்திரங்கள் கூட்டமாக வரும் எரிகல் பொழிவு இரவில் அதில் கண்ணை வைப்பது சாவித்துவாரம் வழியாக ஊர்வலம் பார்ப்பது மாதிரி. பக்கத்தில் படுத்திருப்பவர்கள் ‘அதோ!’ என்று கத்துவது மட்டும் நன்றாகக் கேட்கும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

சரி, எந்தப் பொழிவு? ஆகஸ்ட் 12-13இன் பெர்சியிட்ஸா, டிசம்பர் 13-14இன் ஜெமினிட்ஸா? என் ஓட்டு ஜெமினிட்ஸுக்கு. பெர்சியிட்ஸ் நொடிக்கு 59 கி.மீ. வேகத்தில் பாய்கிறது, நள்ளிரவு தாண்டினால்தான் சூடுபிடிக்கும். ஜெமினிட்ஸின் வேகம் 35 கி.மீ.தான், கண்ணால் பின்தொடர முடிகிறது. அது கிளம்புவது போலத் தோன்றும் மிதுன விண்மீன் கூட்டம் முன்னிரவிலேயே எழுந்துவிடுவதால் தூக்கமும் அவ்வளவாகக் கெடாது. 2026இல் மட்டும் பெர்சியிட்ஸை விட வேண்டாம். ஆகஸ்ட் 12 அன்றே முழு சூரிய கிரகணம், அதாவது அமாவாசை, நிலா வெளிச்சத் தொல்லை இல்லை. ‘மணிக்கு 120 எரிநட்சத்திரம்’ என்று செய்திகளில் வருவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கும்மிருட்டு, மூலப்புள்ளி (எரிநட்சத்திரங்கள் கிளம்புவது போலத் தோன்றும் இடம்) நேர் உச்சியில் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அதில் கால்வாசி கண்ணில் பட்டாலே நல்ல இரவுதான்.

வால் நட்சத்திரத்துக்கு வந்தால் கண் பின்தங்கிவிடுகிறது. பிரகாசம் 4 என்று அறிவித்திருப்பார்கள் (இந்த எண் கூடக் கூட ஒளி மங்கல்). இருட்டான வானத்தில் 4ஆம் பிரகாச விண்மீன் எளிதாகத் தெரியும், இது அப்படித் தெரியாது. ஒரு கரண்டிப் பாலை அண்டா தண்ணீரில் கலந்தது போல, ஒளி முழுவதும் பரந்து கிடப்பதுதான் காரணம். 2020 ஜூலையில் நியோவைஸ் வால் நட்சத்திரத்தைத் தேடியபோது, வடமேற்கில் சுண்ணாம்பு பட்ட விரலால் தடவியது போல ஏதோ ஒன்று இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம். பைனாகுலரை வைத்ததும் தலை ஒரு புள்ளியாகவும் வால் விசிறியாகவும் பிரிந்து நின்றது. நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் வால் இன்னும் கொஞ்சம் நீண்டது.

பைனாகுலரில் இன்னொரு வேலையும் நடக்கும். பிரகாசம் தெரிந்த விண்மீன்களைக் குவியம் கலைத்து, வால் நட்சத்திரத்தின் அளவுக்கு ஊதவைத்து ஒப்பிட்டால், அதன் பிரகாசத்தை நாமே மதிப்பிடலாம். அலட்சியமாகப் பார்க்க வேண்டிய கருவி அல்ல இது. 1996இல் யூஜி ஹியாகுதாகே தன் பெயர் தாங்கிய வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தது 25×150 பைனாகுலரில்தான். அந்த ராட்சதன் நமக்கு வேண்டாம். 15×70 கூடக் கையில் ஆடும், முக்காலி கேட்கும். 10×50 போதும். 7×50இல் கண்ணுக்கு வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் 7 மி.மீ.; வயது ஏற ஏறக் கண்மணி அவ்வளவு விரியாது, மிச்ச ஒளி வீண்.

தொலைநோக்கி ஜெயிக்கும் இடமும் உண்டு. 9, 10ஆம் பிரகாசத்தில் வந்துபோகும் மங்கலான வால் நட்சத்திரங்கள் பைனாகுலருக்குச் சிக்குவது அபூர்வம், அங்கே அதுதான் கதி. ஆனால் பெரியது வந்தால் தலை மட்டும் உள்ளே அடங்கும், வாலைப் பார்க்கக் குழாயை நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

போன் கேமராவா? முக்காலியில் வைத்துச் சில நொடி திறந்துவைத்தால், கண்ணுக்குத் தெரியாத வாலையும் பிடித்துவிடும். படத்தைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தால்தான் ஏமாற்றம்.

இப்போதெல்லாம் எரிகல் பொழிவு இரவிலும் பைனாகுலர் கழுத்தில் தொங்குகிறது. ஒருமுறை தலைக்கு மேல் ஒன்று வெடித்துப் பளீரிட்டு, பின்னால் வெளிர்கோடு ஒன்றை விட்டுப் போனது. வெறும் கண்ணுக்குச் சில நொடிகளில் அது மறைந்துவிட்டது. பைனாகுலரில் அது மேல்காற்றில் வளைந்து, கொக்கியாகி, கலைந்து முடிய ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆனது. அதற்குள் இன்னும் இரண்டு ஓடியதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.