ஏழு ஆண்டுகளைக் கடந்த ஓர் ஏ320 மதர்போர்டு

2018-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிள்ளைகளின் படிப்புக்கும் என் கணக்கு வேலைகளுக்குமாக வீட்டுக்கு ஒரு கணினி தேவைப்பட்டபோது, சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிக்கொண்டேன். எல்லாப் பாகங்களையும் இணைக்கும், ஏ320 சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சில்லு) கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவு மதர்போர்டு, ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி பிராசசர், 4 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றோடு அது தொடங்கியது. அவற்றில் இன்றுவரை மாறாமல் இருப்பது மதர்போர்டு ஒன்றுதான்.

கடையில் முதலில் எடுத்துக் காட்டப்பட்டது எச்61 போர்டு. விலை மிகக் குறைவு என்றாலும், அது இன்டெலின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிராசசர்களுக்கும் டிடிஆர்3 ரேமுக்குமானது. வாங்கிய நாளிலேயே அதற்கு மேல் போக வழியில்லை. அடுத்துக் காட்டிய எச்110 போர்டு ஆறாம், ஏழாம் தலைமுறைகளோடு நின்றுவிடும். எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் (பிராசசரைப் பொருத்தும் இடம்) பெயர் 1151 என்றே இருந்தாலும் அந்தப் பிராசசர் இதில் இயங்காது. ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை தொடரப்போவதாக ஏஎம்டி நிறுவனம் அறிவித்திருந்ததால், அந்தச் சாக்கெட் கொண்ட ஏ320 போர்டையே தேர்ந்தெடுத்தேன். மலிவான போர்டில் நாம் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான ஈடு, பின்னாளில் அது எதையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் என்று அன்றும் நினைத்தேன்; இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

முதல் சில மாதங்கள் கணினி மந்தமாகவே இருந்தது. 2200ஜி-யில் உள்ள கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. இருக்கும் ரேமிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 4 ஜிபியில் அதற்கும் கொடுத்துவிட்டு மிஞ்சியது போதவில்லை. இன்னொரு 4 ஜிபி போட்டவுடன் ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான இரண்டு பாதைகளும் (சேனல்கள்) வேலை செய்யத் தொடங்கி நிலைமை நன்றாகவே தேறியது. ஆனால் இந்தப் போர்டில் இரண்டே ரேம் ஸ்லாட்டுகள் என்பதால், பின்னர் 16 ஜிபிக்கு மாறியபோது இரண்டையும் கழற்றி வைக்க நேர்ந்தது. முதலிலேயே 8 ஜிபி ஒன்றை வாங்கி, மற்ற ஸ்லாட்டைக் காலியாக விட்டிருக்க வேண்டும்.

அதே கடையில் எம்.2 ஸ்லாட் (மெல்லிய எஸ்எஸ்டியை நேரடியாகச் செருகும் இடம்) இல்லாத ஏ320 போர்டும் சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தது. அந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் எம்.2 உள்ளதை வாங்கியது, இந்தக் கணினியின் வாழ்நாளில் நான் எடுத்த மிக நல்ல முடிவு. 2020-இல் பள்ளி முழுவதும் இணையவழிக்கு வந்தபோது, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் 10 எழுந்து வருவதற்குள் வகுப்பே தொடங்கிவிடும். ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமான சேமிப்பகமான 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றை அந்த ஸ்லாட்டில் செருகிய பிறகு வீட்டில் அந்தப் பதற்றம் முற்றிலும் நின்றது.

2021-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையின்போது இடி விழுந்த ஓர் இரவில், பிராட்பேண்ட் வயர் வழியாக வந்த திடீர் மின்னழுத்தத்தில், இணைய வயரைச் செருகும் லேன் போர்ட் செயலிழந்தது. போர்டின் மற்ற பகுதிகள் தப்பியது பெரும் நிம்மதி. கூடுதல் கார்டுகளைச் செருகும் பிசிஐஇ எக்ஸ்1 ஸ்லாட் ஒன்று காலியாக இருந்ததால், அதில் விலை குறைந்த லேன் கார்டு ஒன்றைப் பொருத்தி அன்றாட வேலையைத் தொடர முடிந்தது. வாங்கும்போது யாரும் கவனிக்காத இந்தச் சிறிய ஸ்லாட் இல்லாத போர்டை நான் இனி வாங்க மாட்டேன். மழை இருட்டினால் அந்த வயரையும் கழற்றிவிடுகிறோம்.

விண்டோஸ் 11 வந்தபோதுதான் போர்டின் முழு மதிப்பும் புரிந்தது. அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியை இந்தப் போர்டின் பயோஸிலேயே (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) இயக்கிக்கொள்ளலாம் என்றாலும், மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கும் பிராசசர்களின் பட்டியலில் 2200ஜி இடம்பெறவில்லை. 2022-இல் ஏஎம்டி, ஏ320 உள்ளிட்ட 300 வரிசைச் சிப்செட்டுகளுக்கும் ரைசன் 5000 பிராசசர்களை அனுமதித்தது. என் போர்டுக்கும் அதற்கான பயோஸ் வெளியானது. மறு ஆண்டு ரைசன் 5 5600ஜி வாங்கினேன். இதில் வரிசை மிக முக்கியம்: பழைய பிராசசர் இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்து முடித்த பின்னரே புதியதைப் பொருத்த வேண்டும், மாற்றிச் செய்தால் திரையில் ஒன்றும் வராது. யுபிஎஸ்ஸின் பேட்டரி நன்றாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பென் டிரைவிலிருந்து அதைச் செய்தேன். நடுவில் மின்சாரம் போனால் போர்டே வீணாகிவிடக்கூடும் என்பதால், அந்தச் சில நிமிடங்கள் யாரையும் அந்த அறைக்குள் விடவில்லை. பிராசசரின் செயல் அலகுகளான கோர்களில், நான்கிலிருந்து ஆறுக்கு, போர்டை மாற்றாமலே வந்து சேர்ந்தோம்.

இதன் குறைகளும் உண்மையானவை. பிராசசருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் பகுதியின் மீது சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் கிடையாது; ஆகவே 65 வாட்டைத் தாண்டிய பிராசசரை இதில் போட எனக்குத் துணிவில்லை. நீண்ட காணொளிகளைத் தொகுக்கும்போது அப்பகுதி நன்கு சூடாவதால், கேபினெட்டின் பின்புறம் விசிறி ஒன்றைச் சேர்த்தேன். கணினியின் நேரம் தவறிக்கொண்டே இருந்ததால் போர்டிலுள்ள சிஆர்2032 என்ற சிறிய வட்டப் பேட்டரியை ஒருமுறை மாற்றியதைத் தவிர, பராமரிப்பு என்று வேறு செலவு வைக்கவில்லை.

இப்போது வாங்குவோர் இன்டெலுக்கான எச்610 போர்டைப் பார்த்தால், அது டிடிஆர்4-க்கானதா டிடிஆர்5-க்கானதா என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டு வகையும் விற்கின்றன, ஒன்றின் ரேம் மற்றொன்றில் பொருந்தாது. எச்510 போர்டுகள் பலவற்றில், பத்தாம் தலைமுறைப் பிராசசரைப் போட்டால் எம்.2 ஸ்லாட் இயங்காது. பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை. போர்டில் எச்டிஎம்ஐ இருந்தாலும் படம் வராது. பணம் கொடுப்பதற்கு முன், அட்டைப்பெட்டியிலும் போர்டிலும் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்திலுள்ள பிராசசர் பட்டியலில் எந்தப் பயோஸ் பதிப்பு தேவை என்பதைக் கடையில் நின்றபடியே பார்த்துவிடுங்கள்.