ஏஐ வேலைக்குக் கூட்டாளி தேடுபவர்கள் கவனிக்கவும்

காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் ஏதோ ஒரு ஏஐ வேலையை உருட்டிக்கொண்டு, "கூட ஒரு ஆள் கிடைத்தால் தேவலை" என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னை ஏமாற்றிய ஆளின் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பகலில் நான் ஆடிட்டர் ஆபீஸில் டேலி போடுகிறவன். கானாடுகாத்தானில் தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டில், அவர்கள் பர்மாவில் மோல்மீனில் கடை வைத்திருந்த காலத்துப் பேரேடுகள் மூன்று கட்டு இருந்தன. அவற்றைப் படிக்கிற ஒரு ஏஐ மாடல் செய்ய ஆசை. அச்சுத் தமிழைப் படத்திலிருந்து படிக்க டெஸராக்ட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பேரேட்டுக் கையெழுத்தைக் கொடுத்தால் அது உளறும். தொகை எல்லாம் தமிழ் எண்ணில், அதற்கு மேல் பின்னக் குறிகள். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, ரூபாய்க் கணக்கில் ஓரணா. முந்திரி 320-இல் ஒன்று. இந்தக் குறிகளில் பல, கணினி எழுத்துத் தரமான யூனிகோடுக்குள் வந்ததே 2019-இல்தான். தயாராக டேட்டா எங்கே கிடைக்கும்? நாமே உட்கார்ந்து செய்தால்தான் உண்டு.

ஏழு மாதம், ஞாயிறுதோறும் போனேன். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், வெளிச்சம் நன்றாக விழும் நேரமாகப் பார்த்து ஆச்சி ஏட்டை விரித்துப் பிடிப்பார், நான் போனில் படம் எடுப்பேன். அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டச்சு செய்வேன். அப்படிச் சேர்ந்தது 2,300 வரி. புரோகிராம் கோடு எழுதுவது பெரிய விஷயமில்லை. இந்த 2,300 வரிதான் சொத்து. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாடலைப் பழக்குகிற வேலை எனக்கு அவ்வளவாக வராது. நண்பன் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் அறிமுகமானார். சென்னையில் மெஷின் லேர்னிங் வேலை என்றார், பேச்சும் சரளம். "வாங்க தம்பி, சேர்ந்தே பண்ணுவோம்" என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இப்போது யோசித்தால் எல்லாம் தெரிகிறது. எதையும் எழுத்தில் சொல்லவே மாட்டார், எப்போதும் போன்தான். பத்துப் படத்தைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னால், "முதல்ல ஆர்க்கிடெக்சரை முடிவு பண்ணுவோம்" என்பார். இரண்டு மாதத்தில் அவர் எழுதிய கோடு முப்பது வரி இருந்தால் அதிகம். ஆனால் கோடைச் சேர்த்து வைக்கிற கிட்ஹப் தளத்தில் அவர் தொடங்கிய கணக்குக்குள் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும் என்பதில் மட்டும் அவசரம்.

அப்புறம் கூகுள் டிரைவ். என்னுடையது இலவசக் கணக்கு, 15 ஜிபி நிரம்பிவிட்டது. "என்கிட்ட 2 டிபி இருக்கு, அதுல போட்டுடுங்க" என்றார். நானும் படங்களை எல்லாம் போட்டேன். இடம் வேண்டும் என்று என் டிரைவிலும் போனிலும் இருந்ததை அழித்தேன். இதைவிட முட்டாள்தனம் உண்டா?

ஒருநாள் காலை கிட்ஹப் பக்கம் 404 காட்டியது, அதாவது அப்படி ஒரு பக்கமே இல்லை என்றது. டிரைவ் 'அனுமதி இல்லை' என்றது. கோடு போகவில்லை, என் லேப்டாப்பில் கிட் பிரதி முழு வரலாற்றோடு இருக்கிறது. படங்கள்தான் போய்விட்டன. ஏஐ சேவையை என் கணக்கில் ஓட்டுவதற்கான சாவி மாதிரி நான் கொடுத்திருந்த ஏபிஐ கீயை வேறு எதற்கோ ஓட்டி 11,000 ரூபாய் பில்லும் ஏற்றியிருந்தார். அந்தக் கீயை ரத்து செய்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தேன். பணம் இன்னும் வரவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கோயம்புத்தூரில் இருக்கும் ஆச்சியின் மகனுக்கு ஒரு பிடிஎஃப் வந்தது. பழைய கணக்குகளை ஏஐ வைத்துப் படித்துத் தருகிறார்களாம், ஒரு கட்டுக்கு இவ்வளவு என்று விலை. மாதிரிப் படத்தின் ஓரத்தில் ஏட்டைப் பிடித்திருந்தது ஆச்சியின் விரல், அந்த நெளி மோதிரத்தோடு. அவர்கள் வீட்டுக் கணக்கையே அவர்களிடம் விற்க வந்திருக்கிறார்!

வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் உரிமை கைமாறாது. நான் எழுதிய கோடு என்னுடையதுதான். நோட்டீஸ் போயிருக்கிறது. ஆனால் அவருடைய டிரைவில் கிடக்கிற படங்கள் நோட்டீஸைப் பார்த்துத் தானாக நடந்து வரப்போவதில்லை.

ஆச்சியிடம் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. கேட்டுவிட்டு, கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக் காட்டினார். கடைக்கு ஆள் அனுப்பும்போது எழுதிய சம்பளச் சீட்டு. மூன்று வருடத் தவணை, சம்பளம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, கீழே கைச்சாத்து. நானே படம் எடுத்து, வரி வரியாகத் தட்டிய தாள்.

"இதைப் படிச்சிட்டுமா தம்பி வாய் வார்த்தையை நம்புனீக?"

மறுபடி முதல் கட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். இந்த முறை ஒரு கல்லூரி மாணவர் சேர்ந்திருக்கிறார். முதலில் இருபது படம் கொடுத்தேன், நான்கு நாளில் ஓட்டிக் காட்டினார். படங்கள் என் கணக்கில், ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி. அவருக்குத் தனி ஏபிஐ கீ, மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஓடாது. யார் விலகினால் எது யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக் கையெழுத்து ஆச்சி.