புதுப் பெயின்ற் அடித்த பழைய ட்ரெயிலர்: காசு கொடுக்க முதல் கீழே படுத்துப் பாருங்கள்

இந்தக் கோடைக்கு, காரின் பின்னால் இழுத்துக்கொண்டு போய் உள்ளே படுத்துத் தங்கக்கூடிய சின்ன ட்ரெயிலர் ஒன்று வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். போன வருடம் ஏப்ரலில் நான் 14,500 டொலர் கொடுத்து வாங்கிய ட்ரெயிலரின் அடிச்சட்டம் இரண்டு பக்கமும் வெடித்திருந்தது. வெடிப்புக்கு மேலே பட்டி (ஓட்டையை நிரப்புகிற பசை) தடவி, அதற்கு மேலே கறுப்புத் தார்ப்பூச்சு அடித்து, "புது பிரேம்" என்று சொல்லி விற்றார்கள். அதைப் பின்னால் கொழுவிக்கொண்டு, காருக்குள் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு 400ஆம் நெடுஞ்சாலையில் மணிக்கு 95 கிலோமீற்றர் வேகத்தில் போயிருக்கிறேன். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். வருடா வருடம் கூடாரம் அடித்துக் காட்டில் தங்குகிற குடும்பம்தான். அம்மாவுக்கு முழங்கால் நோ வந்த பிறகு அவரால் நிலத்தில் படுத்து எழும்ப முடியவில்லை. "நீங்கள் போட்டு வாங்கோ தம்பி, நான் வீட்டைப் பார்த்துக்கொள்ளுறன்" என்று இரண்டு கோடை வீட்டிலேயே நின்றுவிட்டார். அவருக்கு ஒரு கட்டில் வேண்டும், மழை படாத கூரை வேண்டும், எங்கள் சின்ன எஸ்யூவியால் இழுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அதன் இழுவை அளவு 1,750 இறாத்தல் மட்டும்தான். தேடத் தேட எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: போலர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1968இல் வினிப்பெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் தொடங்கிய 13 அடி ஃபைபர் கிளாஸ் ட்ரெயிலர் அது. ஆங்கிலத்தில் 'போலர்' என்று சொல்லுகிற வட்டத் தொப்பியைக் கவிழ்த்தது போல இருப்பதால் அந்தப் பெயர். மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று, இரண்டையும் நடுவில் பொருத்தியிருப்பார்கள். மரச்சட்டத்தில் தகடு அடித்த ட்ரெயிலர்கள் மழையில் ஊறி உக்கிப் போக, ஃபைபர் கிளாஸ் ஓடு ஐம்பது வருடம் கழித்தும் நிற்கிறது. 1980களின் கடைசியில் இவற்றைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு விலை. உக்கிக் கிடக்கிற ஒன்றை ஒருவர் அடிமாட்டு விலைக்கு வாங்கி, மினுக்கி, பல மடங்குக்கு விற்பதும் அதனால்தான். ஓடுதான் உக்காது. அதைத் தாங்குகிற இரும்புக்கும் தரைப் பலகைக்கும் எங்கள் எல்லாரையும் போல வயது போகும்.

விற்றவர் ஒரிலியாவுக்கு வெளியே ஒரு பண்ணையில் வைத்துக் காட்டினார். பின்னால் சிவப்புக் களஞ்சியம். தன் மாமாவின் இடம் என்றார். ட்ரெயிலர் வெள்ளையும் கடல்நீலமுமாகப் பளபளத்தது. உள்ளே மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை, புது மெத்தை, மர நிறத்தில் வைனில் தரை, கூரை ஓரமாகச் சின்னச் சின்ன விளக்குகள். என் மகள் ஏறி உட்கார்ந்தவள் இறங்க மாட்டேன் என்றாள். பழைய அலுமாரியைக் கழற்றிவிட்டு இடத்தைப் பெரிதாக்கியிருந்தார். அதையும் நான் நல்லது என்றுதான் நினைத்தேன். கதவைச் சாத்த ஒரு கை கைப்பிடியிலும் மற்றக் கை கீழ் மூலையிலும் வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. "இந்த வயதில் எல்லாம் அப்படித்தான்" என்றார்.

கீழே பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. "நிலம் ஈரம், உடுப்பு பழுதாகிவிடும்" என்று சொல்லிக் கைபேசியில் புத்தம்புது பிரேம் ஒன்றின் படத்தைக் காட்டினார். நாலு மணிக்கு இன்னொருவர் பார்க்க வருகிறார் என்றும் சொன்னார். படத்தில் இருந்தது வேறு யாருடையதோ ட்ரெயில‌ரின் பிரேம் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் விளங்கியது.

பத்திரத்திலும் ஒரு குறி இருந்தது. உரிமைப் பத்திரம் அவர் பெயரில் இல்லை. யாரோ ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது, அந்தப் பெண்ணே கையெழுத்து வைத்திருந்தார், திகதி போடவில்லை. "என் அத்தை" என்றார் விற்றவர். ஒன்ராறியோவில் வாங்கியவர் ஆறு நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் அப்படியே கைமாற்றி விற்றால், விற்றவருடைய பெயர் எந்தப் பதிவிலும் வராது. நான் அந்தப் பெண்ணிடமிருந்து நேரடியாக வாங்கியதாகவே பதிவானது. கார் என்றால் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பார்கள், இந்தச் சின்ன ட்ரெயிலருக்கு அதையும் கேட்பதில்லை. அதாவது, வாங்குகிறவர் தானாகப் பார்க்காவிட்டால் வேறு ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

ஜூலையில் கில்பேர் மாகாணப் பூங்காவுக்குப் போனோம். ஜோர்ஜியன் பே ஓரத்தில் அந்த இடம் கிடைக்க ஐந்து மாதம் முதலே காலை ஏழு மணிக்குக் கணினிக்கு முன்னால் இருந்து பதிந்தது. போர்ட் செவர்னில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது ட்ரெயிலரின் கதவு திறந்து கிடந்தது. பூட்ட மறந்துவிட்டேனோ என்று மனைவியோடு வாக்குவாதப்பட்டேன். சக்கரத்தின் நடுக் குடத்தைத் தொட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் இளஞ்சூடு, இடப்பக்கம் கை வைக்க முடியவில்லை. பெயரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பெயரிங்கே பழுது என்று அதற்கு அர்த்தம். அது தெரிந்தும், இன்னும் ஒரு மணித்தியாலம்தானே என்று மெதுவாக ஓட்டிப் போனேன்.

முதல் இரவு மழை. கூரைக் காற்றுத் துவாரத்தின் ஓரத்தால் ஒழுகி அம்மாவின் கால்மாட்டில் சொட்டியது. அவர் ஒருவரையும் எழுப்பாமல் சோற்றுப் பானையை அடியில் வைத்துவிட்டுக் காலை மடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். காலையில் பானை அரைவாசி நிறைந்திருந்தது.

அடுத்த இடத்தில் தங்கியிருந்த முதியவரிடமும் ஒரு ஃபைபர் கிளாஸ் ட்ரெயிலர் இருந்தது. ஆசையாகத்தான் பார்க்க வந்தார். கதவைப் பார்த்தார். பிறகு சரளைக் கல்லில் குப்புறப் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார். எழும்பியவர் முகம் மாறிவிட்டது. "இதை நீ இனி ஒரு மீற்றரும் இழுக்கக் கூடாது" என்றார். அவர் மட்டும் அன்றைக்கு அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால்! அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

பிளாட்பெட் லொறியில் ஏற்றி ஸ்கார்பரோவுக்குக் கொண்டுவர 1,150 டொலர். எங்கள் ஆள் ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார், அங்கே இறக்கினேன்.

அவர் ட்ரெயிலரை உயர்த்தி, கம்பித் தூரிகையால் தார்ப்பூச்சைச் சுரண்டினார். தார் தோல் போல உரிந்து வந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பட்டி. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினார். பட்டி கட்டியாகக் கழன்று விழ, உள்ளே ஒரு கோடு தெரிந்தது. கோட்டின் இரண்டு உதடும் செம்மண் நிறக் கறள். உடல் தொடங்குகிற இடத்தில், சட்டம் வளைகிற இடத்தில், மேலிருந்து கீழே முக்கால்வாசி பிளந்திருந்தது. மிச்சம் பிடித்துக்கொண்டிருந்த இரும்பு என் பெருவிரல் அகலம்கூட இல்லை. மற்றப் பக்கமும் அதே இடத்தில் வெடிப்பு, அது பாதி தூரம்.

"அண்ணை, இந்தச் சங்கிலியைப் பாருங்கோ" என்றார். "இது எங்க பூட்டியிருக்கு? வெடிப்புக்கு முன்னால. பிரேம் முறிஞ்சால் சங்கிலி காரோட வரும், ட்ரெயிலர் தன்ர பாட்டுக்குப் போகும். இதுக்கு பிரேக்கும் இல்லை."

உண்மைதான். மொத்த எடை 1,360 கிலோவுக்குக் குறைந்த ட்ரெயிலருக்கு ஒன்ராறியோவில் பிரேக் கட்டாயம் இல்லை. கொழுவி கழன்றாலும் காரோடு பிடித்துக்கொள்ளப் பாதுகாப்புச் சங்கிலி இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த கார்களிலும் குழந்தைகள் இருந்திருப்பார்கள்.

அன்றைக்கு ஒரு பின்னேரம் முழுக்க அவர் எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். இந்த ட்ரெயிலர்களில் வில்லுத்தகடு கிடையாது. அச்சுக் குழாய்க்குள் இருக்கிற ரப்பர்தான் அதிர்ச்சியைத் தாங்கும். ஐம்பது வருடத்தில் ரப்பர் செத்துவிடும், செத்தால் பழுது பார்க்க முடியாது, முழு அச்சையும் மாற்ற வேண்டும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை மேல்நோக்கிச் சாய்ந்து, ரயர் மேல் வளைவுக்குள் புகுந்து நின்றால் ரப்பர் செத்துவிட்டது. என்னுடையது அப்படித்தான் நின்றது. குழியில் விழுகிற ஒவ்வொரு அடியும் நேரே பிரேமுக்குப் போயிருக்கிறது. ரயரில் மினுக்கு எண்ணெய் பூசியிருந்தார்கள். பக்கவாட்டில் டொட் என்று தொடங்கும் எண்வரிசையின் கடைசி நாலு இலக்கம் 3114. 2014ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்த ரயர்! தேயாவிட்டாலும் ட்ரெயிலர் ரயரை ஐந்து ஆறு வருடத்தில் மாற்ற வேண்டும். அந்த எண் ரயரின் உட்பக்கம் இருந்தது, கீழே படுக்காமல் தெரியாது.

வைனில் தரையை உரித்தபோது கதவடி மூலையில் பலகை ஊறின பாண் போல இருந்தது. விரலை வைத்து அழுத்தினேன், உள்ளே போனது. அந்தத் தரையும், கழற்றி எறிந்த அலுமாரியும் சும்மா இருந்தவை இல்லை. அலுமாரிதான் கூரையின் பாரத்தை இறக்கித் தாங்கும். அதை எடுத்ததால் கூரை தாழ்ந்து, பிரேமும் தொய்ந்து, உடலின் வளைவே மாறிவிட்டது. கதவு மட்டும் பழைய வளைவிலேயே இருக்கிறது. ஆகவே பொருந்தாது. "கதவு சொல்லும் அண்ணை, மற்றதெல்லாம் மறைக்கலாம், கதவை மறைக்கேலாது" என்றார் அந்தத் தம்பி. காஸ் சிலிண்டரையும் பார்த்தார். கழுத்தில் அடித்திருந்த திகதி பத்து வருடத்தைத் தாண்டியிருந்தது, மறுபடி பரிசோதிக்காமல் அதை இனி நிரப்பக் கூடாது.

எடைத் தராசிலும் ஏற்றினோம். "ஆயிரம் இறாத்தல்தான்" என்று விற்றது, வெறும் ட்ரெயிலராகவே 1,480 இறாத்தல். தண்ணீர், சாமான், காஸ் எல்லாம் ஏற்றினால் என் காரின் அளவைத் தொட்டுவிடும்.

விற்றவருக்கு அழைத்தேன். "இருந்த நிலையில் விற்றது, நீயும் கையெழுத்து வைத்தாய்" என்றார். படங்களை அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்த எண் எடுபடவில்லை. பண்ணைக்கு நேரே போனேன். அங்கே இருந்தவர்களுக்கு அவர் உறவில்லை, களஞ்சியத்துக்கு முன்னால் நிறுத்திவைக்க இடம் மட்டும் வாடகைக்குக் கொடுத்தவர்களாம், பணமாகத்தான் வாங்கினார்களாம். சிறு உரிமைக் கோரல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றார்கள். யார் மேல் போடுவது? விளம்பரத்தில் போட்ட பெயரே அவருடையதுதானா என்று எனக்குத் தெரியாது. அடையாள அட்டை ஒன்றை நான் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். காசோலையாகக் கொடுத்திருந்தாலாவது ஒரு தடம் இருந்திருக்கும். தாளாக எண்ணிக் கொடுத்தேன்.

உரிமைப் பத்திரத்தில் இருந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். இரண்டு கிழமையில் ஒரு மூதாட்டி தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு மருமகன் என்று ஒருவரும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் 1,800 டொலருக்குக் கொடுத்தாராம். "பிரேம் வெடித்திருக்கிறது என்று அவரிடம் தெளிவாகச் சொன்னேனே, அதனால்தானே என் கணவர் அதை இழுப்பதையே விட்டார்" என்றார். என்னிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்க வேண்டிய மன்னிப்பா அது? தெரிந்துதான் பட்டி தடவியிருக்கிறார்கள். தெரியாமல் நடந்த பிழை என்றால் நான் இதை இவ்வளவு கோபத்தோடு எழுத மாட்டேன்.

புது பிரேம், புது அச்சு, ரயர் எல்லாமாக 6,200 டொலர். தரையை நானும் மகனும் மாற்றினோம். அலுமாரி இருந்த இடத்தில் கூரையைத் தாங்க ஒரு சட்டம் அடித்தோம். காற்றுத் துவாரத்தைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி, தண்ணீர் புகாத பியூட்டில் நாடா வைத்து மறுபடி பூட்டினோம். இப்போது கதவு ஒரு விரலால் தள்ளச் சாத்துகிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன கிழமை ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வேறு தொலைபேசி எண், வேறு பெயர், 1974ஆம் ஆண்டு ட்ரெயிலர், 15,900 டொலர். வெள்ளையும் கடல்நீலமும், மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை, "பிரேம் புதிது" என்ற அதே சொல். பின்னால் இப்போது சிவப்புக் களஞ்சியம் இல்லை, ஒரு வாகனத் தரிப்பிடம். ஏழு படம் போட்டிருக்கிறார்கள், அடிப்பக்கம் ஒன்றிலும் இல்லை. ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவு பூட்டித்தான் இருக்கிறது. அதன் கீழ் மூலை உடலைவிட்டு ஒரு விரல் அகலம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது.