பள்ளியில் படித்த ஜெர்மனை விட்டுவிடாதீர்கள்: ‘நீக்கோஸ் வேக்’ என் அனுபவம்

ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை நாலு வருடம் ஜெர்மன் படித்தேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அப்புறம் இன்ஜினியரிங். கல்லூரியில் ஜெர்மன் கிடையாது, புத்தகமெல்லாம் பரணுக்குப் போய்விட்டது. ஒரே வருடம்தான், மேசை என்ற சொல்லுக்கு முன்னால் வரும் பால் குறிச்சொல் ‘டேர்’ஆ ‘டாஸ்’ஆ என்று யோசிக்க வேண்டியதாகிவிட்டது. வயிறு எரிந்தது.

அப்போது கையில் கிடைத்ததுதான் ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல இணையத்தில் தரும் ‘நீக்கோஸ் வேக்’ என்ற இந்த இலவசப் பயிற்சி. ஸ்பெயினிலிருந்து ஜெர்மனிக்கு வரும் நீக்கோ என்ற பையன் வந்த இடத்தில் பையைத் தொலைத்துவிட்டு நிற்கிறான், அங்கிருந்து சின்னச் சின்ன வீடியோக்களாகக் கதை போகிறது, ஒவ்வொன்றின் முடிவிலும் பயிற்சிகள். தொடக்கநிலையான ஏ1, அதற்கடுத்து ஏ2, பி1 என மூன்று நிலை. பள்ளியில் படித்தவர்கள் ஏ1-இல் தொடங்காதீர்கள்; நான் தொடங்கி, சலித்துப்போய், இரண்டே வாரத்தில் விடப் பார்த்தேன். ஏ2-க்குப் போன பிறகுதான் சூடு பிடித்தது.

பள்ளியில் டாட்டிவ் வேற்றுமை என்றால் மிர் (எனக்கு), டிர் (உனக்கு), ஈம் (அவனுக்கு) என்று அட்டவணையை ஒப்பிப்பதுதான். ஆட்கள் பேசிக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு உறைத்தது, ‘மிர் இஸ்ட் கால்ட்’ என்பது அப்படியே நம்முடைய ‘எனக்குக் குளிருது’! நம் நான்காம் வேற்றுமை ‘கு’தான் அது. ‘ஏனென்றால்’ என்று பொருள்படும் ‘வைல்’ வந்தால் வினைச்சொல் கடைசிக்குப் போவதும் தமிழ் பேசுகிறவருக்குப் புதிதா என்ன? எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகவே படித்ததில் இது நாலு வருடம் கண்ணில் படவே இல்லை.

குறை ஒன்று உண்டு, பெரிய குறைதான்: நாம் பேசுவதைத் திருத்த ஆள் இல்லை. நானும் பள்ளித் தோழி ஒருத்தியும் தினமும் ராத்திரி பதினைந்து நிமிடம் போனில் ஜெர்மனில் மட்டும் பேசுகிறோம். முதல் வாரம் பாதி நேரம் மௌனம்தான், இப்போது ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டும் அளவுக்கு வந்துவிட்டோம்.

‘மாஸ்டர்ஸ்தான் ஜெர்மனியில் ஆங்கிலத்திலேயே இருக்கிறதே’ என்று சீனியர்கள் சொல்வார்கள். இருக்கிறது, சரி. வீடு பார்க்கவும் பகுதிநேர வேலை தேடவும் ஜெர்மன் இல்லாமல் கஷ்டம்.

ஜெர்மன் மொழித்தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் நாலு பகுதி, ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும், தவறினால் அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். பன்னிரண்டாவது முடித்த லீவிலேயே தொடங்கிவிடுங்கள், என்னைப் போல ஒரு வருடம் விடாதீர்கள்.