மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சிறுவர் கைவினைப் பட்டறை: யாரை அனுப்பலாம், யாரை அனுப்ப வேண்டாம்

ஐந்து வயது நிறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். மூன்று, மூன்றரை வயதுப் பிள்ளையை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் என் பேரனும் பேத்தியும் என்னிடம் இருந்தார்கள். இருவரையும் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு முடியும்வரை பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவர்கள் இருந்து பார்க்கலாம், ஆனால் மேசைக்கு அருகே வரக் கூடாது என்பது அங்கே விதி. மிக நல்ல விதி.

ரப்பர் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்த காலத்தில் பிள்ளை பார்க்கும் வேலை செய்தவள் நான். விடியுமுன் தாய்மார் பால் வெட்டப் போகும்போது, கைக்குழந்தை முதல் பள்ளி வயது எட்டாத பிள்ளை வரை எல்லாரையும் எங்களிடம் விட்டுப்போவார்கள். அதனால் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் நுழைந்தால் தண்ணீர்க் குழாய் எங்கே, கழிப்பறைத் தரை வழுக்குகிறதா, கூர்மையான பொருள்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்றுதான் என் கண் முதலில் தேடும். சுவரில் ஒட்டிய படங்களையெல்லாம் அப்புறம்தான் பார்ப்பேன்.

பட்டறை நடப்பது கடைத்தெருவில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில். படிக்கட்டு செங்குத்து, ஒரு பக்கம்தான் கைப்பிடி. சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். மேலே போனால் கூடம் அகலமானது. குளிர்சாதனம் இல்லை, மின்விசிறிகள்தான். களிமண்ணும் வண்ணமும் காய வேண்டிய இடத்துக்கு அது போதும். ஆனால் பதினொரு மணிக்கு மேல் தகரக் கூரை சூடேறிப் பிள்ளைகள் வாடிவிடுகிறார்கள். கழிப்பறை சுத்தம். கை கழுவும் தொட்டிக்கு முன்னால் ஒரு மரப்படி போட்டிருக்கிறார்கள். தூரிகை அலசும் தண்ணீருக்கு, ரப்பர்ப் பால் பிடிக்கும் பழைய மங்குகளை, ஓட்டை போட்ட பலகையில் பதித்து வைத்திருக்கிறார் ஆசிரியை. கை பட்டாலும் கவிழாது. இதைப் பார்த்ததுமே இவருக்குப் பிள்ளைகளைத் தெரியும் என்று எனக்குப் பட்டது.

ஒவ்வொரு நாளும் ஒரு தலைப்பு. தொடக்க நாள் ‘தோட்டம்’. ரப்பர் கொட்டையும் செம்பனை ஈர்க்கும் காய்ந்த பால்மர இலையும்தான் அன்றைய பொருள்கள். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து தொலைவும் இல்லை. ஆனாலும் வந்திருந்த பிள்ளைகளில் பலர் ரப்பர் கொட்டையைக் கையில் எடுத்தது அன்றைக்குத்தான். நாங்கள் பால் வெட்டிய ரப்பர்க் காடெல்லாம் செம்பனையாகவும் தாமான் எனும் குடியிருப்பாகவும் ஆகிவிட்டபோது அவர்கள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்? ஆசிரியை முதலில் வெடிக்காத காய் ஒன்றைக் காட்டினார். மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை, வெயிலில் காய்ந்தால் ‘பட்’டென்று வெடித்துக் கொட்டையைத் தூர எறியும் என்று சொன்னார். பிறகு ஒரு கூடைக் கொட்டையை மேசையில் கொட்டி, “எந்தெந்தக் கொட்டை ஒரே தாய்க்குப் பிறந்தது, கண்டுபிடியுங்கள்” என்றார். ஒரு மரத்துக் கொட்டைகளுக்கெல்லாம் ஒரே மாதிரிப் புள்ளியும் கோடும்தான் இருக்கும். மரம் மாறினால் அதுவும் மாறும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு பிரித்தார்கள். கத்தரியும் பசையும் இன்னும் மேசைக்கே வரவில்லை. அதற்குள் அவர்கள் ஒரு பொருளை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைக்கும் விளையாட்டையும் ஒரு பையன் தானாகவே கண்டுபிடித்துவிட்டான். ஆசிரியை அவனைத் திட்டவில்லை. எல்லாரையும் ஒரு முறை தேய்க்கச் சொல்லி, அவரவர் உள்ளங்கையிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வேலைக்குத் திருப்பினார். கொட்டை உடம்பாகவும் ஈர்க்கு காலாகவும் ஆகி வண்டுகள் பிறந்தன. என் பேரன் செய்த வண்டுக்கு ஒன்பது கால்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பச்சை ரப்பர் கொட்டையின் பருப்பில் சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் உண்டு, தின்றால் ஆபத்து. ஆயாக்கொட்டகையில் தவழும் பிள்ளை இருக்கும் பக்கம் கொட்டையைக் கொண்டுவரவே விட மாட்டோம். இந்தப் பட்டறையில் முட்டைத் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்துக் கொடுத்தார்கள். முடிந்ததும் செய்த வண்டையும் மீந்த கொட்டையையும் சேர்த்து எண்ணித்தான் தட்டைத் திரும்ப வாங்கினார்கள். கேட்காமலே இப்படிச் செய்யும் இடத்தை நம்பலாம். வீட்டுக்கு வந்த வண்டைக் கைக்குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நம் பொறுப்பு.

பேரனுக்கு இடது கைப் பழக்கம். பாலர் பள்ளியில் கத்தரி பிடிக்கத் தெரியாத பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தான். தாளை வெட்டினால் மடங்கும், கிழியும், அழுகை வரும். ஆசிரியை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து பச்சைப் பிடி போட்ட வேறொரு கத்தரியைக் கொண்டுவந்து கொடுத்தார். இடது கைக்காரர்களுக்கென்றே செய்த கத்தரியாம். வழக்கமான கத்தரியை இடது கையில் பிடித்தால் மேல்தகடு வெட்டும் கோட்டை மறைத்துவிடும்; விரல் அழுத்தமும் தகடுகளை ஒன்றோடொன்று சேர்க்காமல் விலக்கிவிடும்; அதனால்தான் தாள் மடங்குகிறது என்று பிறகு எனக்கு விளக்கினார். பேரன் ஒரு வட்டத்தைச் சுற்றி வெட்டி முடித்துவிட்டு, அந்த வட்டத்தைத் தூக்கி என் பக்கம் காட்டினான். எங்கள் காலத்தில் இடது கையால் சோற்றைத் தொட்டாலே அடி விழும். எழுதும் கையைக் கட்டி வைத்த வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் கையை மாற்றாமல் கருவியை மாற்றிக் கொடுத்த இந்த ஒரு காரியத்துக்காகவே அந்தப் பெண்ணுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

அடுத்த தலைப்பு ‘ஆறு’. பேரா ஆற்றங்கரையில், கோலகங்சாருக்கு எதிர்க்கரையில் இருக்கும் சாயோங் ஊர்க் குயவர்களிடமிருந்து களிமண் வாங்கி வந்திருந்தார்கள். சுரைக்காய் வடிவக் கருப்புக் கூஜாவான லாபு சாயோங்கை நம் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். சூளையிலிருந்து சூட்டோடு எடுத்து நெல் உமியில் புதைப்பதால்தான் அந்தக் கருப்பு ஏறுகிறது. சுட்ட மண்ணின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. ஆசிரியை அசல் கூஜா ஒன்றை நிரப்பி வைத்து, ஆளுக்கு ஒரு வாய் குடிக்கக் கொடுத்தார். பிள்ளைகள் செய்தது கட்டைவிரலை உருண்டைக்குள் அழுத்திச் சுற்றிச் சுற்றிக் கிள்ளும் சிறு கிண்ணம். ஒரு தாய் எழுந்து, தன் மகளின் கிண்ணத்து விளிம்பைக் கொஞ்சம் நேராக்கித் தரும்படி கேட்டார். “நான் தொட்டுவிட்டால் நாளைக்கு அவள் தொட மாட்டாள், அக்கா” என்று ஆசிரியை மரியாதையாக மறுத்துவிட்டார். கிண்ணங்களை ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்தார்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். சுடாத மண் என்பதால் தண்ணீர் ஊற்ற முடியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

பாத்தேக் துணி நாளும் நன்றாகவே போனது. சூடான மெழுகைச் சாந்திங் குழலால் கோடு இழுக்கும் வேலையை ஆசிரியை முன்தினமே முடித்துவைத்திருந்தார். பிள்ளைகளுக்குத் தூரிகையும் சாயமும் மட்டும்தான். ஈரத்துணியில் சாயம் பரவிக்கொண்டே போய் மெழுகுக் கோட்டில் முட்டி நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அலுக்கவே இல்லை. சாயத்தைப் பிடிக்கவைக்கச் சோடியம் சிலிக்கேட் பூச வேண்டும். அது தோலை அரிக்கும் காரப் பொருள். அதனால் அன்றைக்கே துணி கைக்கு வராது. பட்டறைக்காரர்களே கையுறை போட்டுப் பூசி, அலசி, அடுத்த வாரம் தருகிறார்கள். அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். கிறிஸ்துமஸ் நாளில் ஈர்க்கில் நட்சத்திரமும் சவுக்குக் காயில் தோரணமும் செய்தார்கள். கூட்டம் அதிகம், இரைச்சல் அதிகம், மற்றபடி குறையில்லை.

என் மனம் ஆறாதது பொங்கல் நாளில்தான். மற்ற நாள்களில் மண்ணும் கொட்டையும் துணியும் கொடுத்தவர்கள், நம் பண்டிகைக்கு மட்டும் இணையத்தில் வாங்கிய ரப்பர் அட்டைப் பானைகளை வைத்துவிட்டார்கள். பானை வெட்டி வந்திருக்கிறது, கரும்பு வெட்டி வந்திருக்கிறது, ‘பொங்கலோ பொங்கல்’ என்ற எழுத்துகூட ஒட்டுத்தாளாக வந்திருக்கிறது. பிள்ளை செய்ய வேண்டியது முதுகுத் தாளை உரித்து ஒட்டுவது மட்டும். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. எல்லாப் பானையும் ஒரே பானை. மிச்ச நேரம் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்திருந்த நாள் அது. பொங்கல் என்றால் என்ன என்று அவர்கள் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? ஈப்போவில் ஒரு பேரங்காடிப் பட்டறையில் இதே மாதிரி உரித்து ஒட்டும் வேலைக்கு இரட்டிப்புக் கட்டணம் வாங்கினார்கள். அதை நம்பி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போக வேண்டாம் என்றுதானே உள்ளூரில் சேர்த்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் நேரிலேயே சொன்னேன். “மண்சட்டி வாங்கினால் விலை கட்டுப்படியாகவில்லை, பாட்டி. படியில் ஏற்றும்போதே உடைந்துவிடுகிறது” என்றார். நியாயமான சங்கடம்தான். ஆனால் வழி இருக்கிறது. களிமண் நாளை வரிசையில் முதலில் வைத்தால், பிள்ளைகள் கிள்ளிய கிண்ணங்களே பொங்கல் நாளுக்குள் நிழலில் நன்றாகக் காய்ந்துவிடும். அதன் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டலாம், சுண்ணாம்பும் காவியும் தீட்டலாம். கீழே கடையின் முன்னிருக்கும் ஐந்தடி நடைபாதையில் பச்சரிசி மாவால் பிள்ளைகளைப் புள்ளி வைக்கச் சொல்லலாம். மளிகைக் கடைக்காரர் மாவு தர மாட்டாரா என்ன? ஆசிரியை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். செய்வார் என்று நம்புகிறேன், செய்யாவிட்டால் மறுபடியும் சொல்வேன்.

இனிச் சின்னப் பிள்ளைகள் விஷயம். பட்டறை நான்கு வயதிலிருந்து என்று அறிவிப்பில் இருக்கிறது. ஆனால் அண்ணன் அக்காவோடு வரும் மூன்று வயதுப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு. நடுவில் பசியாற இருபது நிமிடம். கடலைக் கூட்டும் மைலோவும் கொடுக்கிறார்கள். மூன்று மணி நேரம் அந்த வயதுக்கு ஆகாது. என் பேத்தி பத்து மணிவரை களிமண்ணைப் பிசைந்து மகிழ்ந்தாள், பசியாறிய பிறகு கண் சொருகியது, பதினொன்றுக்கு அழுகை. அவள் மட்டுமல்ல, அவள் வயதில் இருந்த எல்லாரும் அப்படித்தான். உதவிக்கு இருக்கும் இரண்டு இளம்பெண்களும் அழும் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டதால் பெரிய பிள்ளைகளின் மேசையைப் பார்க்க ஆளில்லை. சிறியவர்களுக்குத் தனியாக ஒரு மணி நேர வகுப்பு, ஓர் ஓரத்தில் பாய் விரித்த இடம், களிமண்ணோ நனைத்த மாவோ பிசையும் வேலை மட்டும் என்று வைத்தால் போதும். ஒட்டுவதையும் வெட்டுவதையும் அடுத்த வயதுக்கு விட்டுவிடலாம்.

கட்டணம் ஒரு நாளுக்கு 40 ரிங்கிட், பொருளும் பசியாறலும் உட்பட. உடன்பிறப்புக்கு 10 ரிங்கிட் குறைவு. தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துக்கு இது லேசான தொகை இல்லை. எல்லா நாளும் சேர்க்க முடியாதவர்கள் களிமண் நாளையும் தோட்ட நாளையும் தேர்ந்தெடுங்கள். பொங்கல் நாளுக்குப் பணம் கட்டுமுன் என்ன பொருள் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பழைய சட்டை போட்டு அனுப்புங்கள், மாற்றுச் சட்டை ஒன்றும் தண்ணீர்ப் போத்தலும் பையில் இருக்கட்டும். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பச்சைப் பிடிக் கத்தரி அங்கே ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கும் பேரன் பெயரைக் கொடுத்துவிட்டேன். பேத்தி நான்கு வயது முடியும்வரை என்னோடு வீட்டில் மாவு பிசையட்டும்.