ஸ்டென்ட் இருந்த மூன்று வாரமும் கைகொடுத்த ரப்பர் வெந்நீர்ப் பை

சிறுநீர்க் குழாயில் 9 மி.மீ. கல். ஏப்ரல் கடைசியில் உள்ளே கருவி விட்டு லேசரால் உடைத்து எடுத்தார்கள், வெளியே ஒரு தையல்கூட இல்லை. ஆபரேஷன் முடிந்தால் வலியும் முடிந்தது என்று நினைத்திருந்தேன். கல் வலி போனது உண்மைதான், ஆனால் உள்ளே டிஜே ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஒரு முனை சிறுநீரகத்திலும் இன்னொரு முனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டு கிடக்கிற மெல்லிய குழாய் அது. அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம், போய் முடிக்கிற நேரத்தில் அடிவயிற்றில் சுரீரென்று ஒரு பிடிப்பு, கூடவே இடுப்பின் பக்கவாட்டில் மேலேறுகிற வலி. ஸ்டென்ட் இருந்தால் சிறுநீர் கொஞ்சம் பின்னோக்கி ஏறும், அதனால்தான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பயம் போனது.

ஒத்தடத்துக்கு முதலில் வாங்கியது கரன்ட்டில் சூடாகும் ஜெல் பை, 450 ரூபாய். வாங்காதீர்கள். சூட்டைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, ஐந்தாம் நாள் ஓரம் விட்டுக் கசிந்தது, கரன்ட்டோடு சம்பந்தப்பட்ட பொருள் கசிந்தால் எப்படி நம்பி மேலே வைப்பது? அப்புறம் தெரு முனை மெடிக்கலில் சாதாரண ரப்பர் பை வாங்கினேன், 2 லிட்டர், 280 ரூபாய். இதுதான் என்னைக் காப்பாற்றியது.

முழுக்க நிரப்பினால் கனத்தில் சிறுநீர்ப்பை அழுந்தி உடனே மறுபடி பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கும். பாதி அளவு ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகினால் வயிற்றோடு படிந்து உட்காருகிறது. "கொதிக்கக் கொதிக்க ஊத்தாதடா, கொஞ்சம் ஆறட்டும்" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வார், அது சரிதான். துண்டு சுற்றி 15, 20 நிமிடம் வைத்தால் பிடிப்பு மெல்ல விட்டுவிடும். வைத்துக்கொண்டே தூங்கிவிடக் கூடாது, தோல் வெந்துவிடும். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் காலில் உணர்ச்சி முழுக்கத் திரும்பும்வரை தொடவே வேண்டாம். முதுகில் துளை போட்டுக் கல் எடுத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் வெந்நீர் ஒத்தடமா, உடம்பு சூடு பிடித்துக்கொள்ளும் என்று பெரியம்மா ரொம்பவே பயந்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

குறை என்றால், முதல் இரண்டு நாள் ரப்பர் வாடை தலையைச் சுற்றவைக்கும். வெயிலில் வைக்காமல் நிழலில் மூடியைத் திறந்து தொங்கவிட்டேன், குறைந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிடிப்புக்கும் பக்க வலிக்கும்தான் இந்தப் பை. நீர்க்கடுப்புக்கு ஒன்றும் செய்யாது, அதற்கு நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் குடித்த தண்ணீரும் டாக்டர் கொடுத்த சிரப்பும்தான். இரவில் போடச் சொன்ன டாம்சுலோசின் மாத்திரை அவசரத்தை நன்றாகக் குறைத்தது, ஆனால் அதைப் போட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தால் கிறுகிறுக்கும், கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருங்கள். அதிகம் நடந்த அன்று சிறுநீர் ரோஸ் நிறத்தில் போகும், தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் தெளிந்துவிடும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, ரத்தம் கட்டி கட்டியாகப் போவது, இவற்றில் எது வந்தாலும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி குறைந்துவிட்டது என்று ஸ்டென்ட் எடுக்கிற தேதியைத் தள்ளிப்போடவும் வேண்டாம், மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படியும்.

எனக்கு எடுத்தது ஐந்தே நிமிடம். அன்று சாயங்காலம் பக்கவாட்டில் ஒரு வலி வந்தது, கடைசியாக ஒரு தடவை வெந்நீர் நிரப்பினேன், காலையில் இல்லை. பை இப்போது அம்மாவின் முழங்காலுக்குப் போய்விட்டது.