எங்கள் ஊர் அரசு வங்கிக் கிளை: நகைக்கடன் அனுபவம்

போன வாரம் 3 பவுன் சங்கிலியோடு போனேன். பத்தரைக்கு டோக்கன் எடுத்தேன். நகை மதிப்பீட்டாளர் வந்தது 12 மணிக்கு. உரசி, எடை போட்டு, ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்கி, பணம் கணக்கில் ஏறும்போது மணி மூன்றரை. பாஸ்புக் அச்சிடும் இயந்திரம் வழக்கம்போல பழுது. என் தையல் கடைக்கு அன்று பூட்டுதான்.

சரி, அடகுக்கடைக்குப் போயிருக்கலாமே? அங்கே நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி, அதாவது வருஷத்துக்கு 24. இங்கே அதில் பாதிகூட இல்லை.

1969 ஜூலை 19 அன்று இந்திரா காந்தி அரசு 14 தனியார் வங்கிகளைக் கையில் எடுத்திராவிட்டால் எங்கள் ஊருக்குக் கிளை வந்திருக்குமா, சந்தேகம்தான். நம் பக்கத்து இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. அப்போது நாடு முழுக்க 8,000 சொச்சம் வங்கிக் கிளைகள். 1990 வாக்கில் ஏறக்குறைய 60,000. விவசாயத்துக்கும் சிறுதொழிலுக்கும் இவ்வளவு கடன் தர வேண்டும் என்ற கட்டாயமும் வந்தது. பெரிய வட்டிக்காரர்களின் பிடி கொஞ்சம் தளர்ந்தது அதனால்தான்.

மறுபக்கமும் உண்டு. சிபாரிசுக் கடன்கள் வாராக்கடனாகி, 1990களில் அரசே வரிப்பணத்தில் மூலதனம் போட வேண்டி வந்தது. கவுன்டரில் தெரியும் மெத்தனத்துக்கும் இதற்கும் உறவு இருக்கிறது என்பது என் கட்சி.

ஐந்துக்கு மூன்று தருவேன். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். பேனாவும் கையோடு கொண்டு போங்கள். அங்கே நூலில் கட்டியிருப்பது எழுதாது.